மூன்றாவது கை

அத்தியாயம் ஆறு

கன்னத்தில் அடக்கிய ஒரு கற்கண்டுத் துண்டு கரைவதற்குள், குவா ஊரில் தொலைந்த எதையும் பர்னோ கண்டுபிடித்துவிடுவாள். ஊசியானாலும் சரி, ஒட்டகமானாலும் சரி, நிச்சயதார்த்தத்துக்கு முதல்நாள் ஓடிப்போன மாப்பிள்ளையானாலும் சரி. போன கோடையில் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரின் பல்செட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே அவள்தான். அது ஒரு தர்பூசணிக்குள் இருந்தது. அந்தத் தர்பூசணி அப்போது வெட்டப்படவே இல்லை.

பர்னோவுக்கு வயது ஒன்பது. பெர்கானா பள்ளத்தாக்கு முழுக்க இதை நம்பியது. நம்பாத ஒரே ஆள் அவளுடைய தாய்மாமன் ஹம்தம்.

"கரைஞ்சதும் யாருக்கும் தெரியாம இன்னொன்னை வாயில போட்டுக்கறா. அவ பாக்கெட்டைத் தடவிப் பாருங்க, சர்க்கரை ஆலையே இருக்கும்" என்பார். ஆனாலும் ஒவ்வொரு வழக்குக்கும் அவருடைய டமாஸ் வேன்தான் போகும். ஏழு பேர் உட்காரும் வண்டி அது. பஜார் நாளில் பதினேழு பேரையும் இரண்டு ஆடுகளையும் ஏற்றி, அதற்கு மேலும் ஒரு கல்யாணப் பெண்ணை ஏற்றிய பெருமை அவருக்கு உண்டு. பெண்ணின் தலைமுக்காடு மட்டும் வெளியே பறந்ததாம்.

ஹம்தம் எந்நேரமும் வேடிக்கையாகப் பேசுவார். ஆனால் இரண்டு வருஷமாக அவர் வாய், நியூட்ரலில் உறுமும் எஞ்சின் மாதிரி. சத்தம் மட்டும் வரும், வண்டி நகராது.

அன்று காலை முதல் சவாரியை முடித்து வீடு திரும்பியவர், தெருக்கதவு ஆவென்று திறந்து கிடப்பதைப் பார்த்தார். உள்ளே அவர் மனைவி மஸ்தூரா தாம்பாளத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அரிசியில் கல்லே இல்லை. முதல்நாளே பொறுக்கிய அரிசி அது.

"ரொட்டி இல்லைங்க" என்றாள், தலை நிமிராமல்.

"கடையில இல்லையா?"

"சுவத்துல."

ஹம்தம் சுவரைப் பார்த்தார். ஆணி இருந்தது. அதில் கட்டியிருந்த கயிறும் இருந்தது. ரொட்டியைத்தான் காணோம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர்களுடைய ஒரே மகன் எல்யார் ரஷ்யாவுக்கு வேலைக்குக் கிளம்பிய காலையில், மஸ்தூரா சுடச்சுட ஒரு தடித்த வட்ட ரொட்டியை நீட்டினாள். அவன் ஓரத்தில் ஒரு கடி கடித்தான். மீதியை அவள் ஆணியில் மாட்டினாள். அந்த ஊர் வழக்கப்படி, போனவன் திரும்பி வந்து, தான் கடித்ததைத் தானே தின்று முடிக்க வேண்டும். அதுவரை அதை வேறு யாரும் தொடக்கூடாது. முதல் குளிர்காலம் வரை போன் வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. ரொட்டி மட்டும் சுவரில் செங்கல்லாக இறுகிக்கொண்டிருந்தது. தினமும் மஸ்தூரா அதைத் தூசி தட்டுவாள். "ரொட்டி ஆளைக் கூட்டிட்டு வராது" என்பார் ஹம்தம். அவள் ரொட்டியைத் திருப்பி மறுபக்கத்தைத் தட்டுவாள்.

இப்போது அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஏதாவது தோன்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. ஒன்றும் தோன்றவில்லை. வேறு யாரோ வீட்டுச் சுவர் போல இருந்தது.

"எலியா இருக்கும்" என்றார்.

"எலி கயித்து முடிச்சை அவிழ்க்குமா மாமா?"

எதிர்வீட்டிலிருந்து பர்னோ வந்திருந்தாள். இரட்டைச் சடை, அண்ணனுடைய பழைய கோட்டு. கிண்ணத்திலிருந்து ஒரு கற்கண்டை எடுத்துக் கடைவாயில் ஒதுக்கினாள்.

"வந்துட்டாங்க இன்ஸ்பெக்டரம்மா" என்றார் ஹம்தம். "எலியைக் கைது பண்ணுங்க. வாலை மட்டும் கொஞ்சம் கவனமாப் பிடிங்க, ஏதாவது மேலதிகாரிக்குச் சொந்தமா இருக்கப்போகுது."

பர்னோ சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் அவள் சிரிப்பதில்லை.

"அத்தை, நீங்க எங்க போயிருந்தீங்க?"

"வெங்காயம் வாங்க. போகும்போது ரொட்டி இருந்துச்சு. வரும்போது இல்ல." மஸ்தூரா ஒரு நல்ல அரிசியை எடுத்து ஓரமாக வைத்தாள். "அது இருந்தாத்தான் அவன் வருவான்."

அதையும் அவள் வெங்காயத்தின் விலை சொல்வது போலத்தான் சொன்னாள்.

பர்னோ தரையில் குப்புறப் படுத்துத் தேடினாள். ஒரு துகள் இல்லை. அலமாரிக்குப் போனாள். கோப்பைகளின் வரிசைக்குப் பின்னால், விளிம்பு உடைந்த கோப்பை ஒன்று இருந்தது. அந்த ஊரில் விளிம்பு உடைந்த கோப்பையை யாரும் வீட்டில் வைத்திருக்கமாட்டார்கள். விருந்தாளிக்குக் கொடுத்தால் உறவே முறிந்துவிடும். மஸ்தூரா மட்டும் அதைத் தூக்கிப் போடாமல் ஒளித்து வைத்திருந்தாள்.

"இது ஈரமா இருக்கு அத்தை."

"நான் அதைத் தொடலையே."

"திருடனுக்கும் தாகம் எடுக்கும்ல" என்றார் ஹம்தம்.

அடுத்து, மூலையில் கிடந்த பித்தளை உலக்கையை எடுத்தாள். மிளகு இடிக்கிற சின்ன உலக்கை. அதன் அடியை விரலால் தடவி, விரலை நாக்கில் வைத்தாள். பிறகு மடித்து வைத்திருந்த சாப்பாட்டுத் துணியைப் பிரித்தாள். பிரித்தவள் சட்டென்று மாமாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதையோ கோட்டுப் பைக்குள் போட்டாள்.

"பார்த்தேன்! பார்த்தேன்!" என்று கைதட்டினார் ஹம்தம். "அடுத்த கற்கண்டு தயார்! மஸ்தூரா, நீயே சாட்சி."

மஸ்தூரா அரிசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் திரும்பி வர்றப்போ குச்கார் வண்டி மணி கேட்டுச்சு" என்றாள்.

ஹம்தம் வேன் சாவியை எடுத்தார். குச்கார், வீடு வீடாகக் காய்ந்த ரொட்டி வாங்குகிறவர். அந்த ஊரில் ரொட்டியைக் குப்பையில் போடுகிறவன் இன்னும் பிறக்கவில்லை. காய்ந்துபோனதைப் பையில் போட்டு வாசலில் மாட்டிவைப்பார்கள். குச்கார் எடுத்துப் போய்த் தன் மாடுகளுக்கு ஊறவைத்துப் போடுவார். அவருடைய மாடுகள் அப்படிக் கொழுத்தவை. கசாப்புக்காரன் கத்தியோடு வந்தால் அவை ஓடா, அவன்தான் ஓடுவான்.

வேன் கால்வாய் ஓரமாகத் தடதடத்தது.

"மாமா, நீங்க திருடனா இருந்தா, போகும்போது கதவை மூடிட்டுப் போவீங்களா?"

"நான் திருடனா இருந்தா இந்த டப்பாவையா ஓட்டிட்டிருப்பேன்?"

"சொல்லுங்க மாமா."

"மூடத்தான் செய்வேன். திறந்து கிடந்தா தெருவே எட்டிப் பார்க்குமே."

"இந்த ஆள் மூடலை. ஆனா சாப்பாட்டுத் துணியை விரிச்சு, அதுமேல ரொட்டியை வச்சிருக்கான். ஒரு துகள் கீழ விழலை. துணியைக் கொண்டுபோய் முத்தத்து மாதுளை மரத்தடியில உதறியிருக்கான். நீங்க பார்க்கலை, அங்க குருவிக் கூட்டமே கல்யாணம் நடத்திட்டிருக்கு. அப்புறம் துணியை மடிச்சு வச்சான், கோப்பையைக் கழுவி வச்சான். இவ்வளவு ஒழுங்கா வளர்ந்தவன், கதவை மட்டும் ஏன் திறந்துபோட்டுப் போனான்?"

"அவன் வீட்டுல கதவு கிடையாதோ என்னமோ."

"நம்ம கதவை மூடணும்னா என்ன செய்யணும்?"

"ஒரு கையால பலகையைத் தூக்கிப் பிடிக்கணும், இன்னொரு கையால தாழ் போடணும். உங்க அத்தையும் சரி பண்ணு, சரி பண்ணுன்னு..." ஹம்தம் பாதியில் நிறுத்தினார். அந்த வேலையைச் செய்து தருவதாகச் சொல்லியிருந்தது எல்யார்தான்.

பர்னோ கன்னத்திலிருந்த கற்கண்டை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினாள்.

குச்கார் வீட்டுத் தேநீரைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. கைக்குழந்தையோடு அவர் வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனவர் ஒருவர், வெளியே வரும்போது தாத்தாவாகியிருந்தாராம். அப்படி விடாமல் உபசரிப்பார். கோப்பையின் அடியில் கால்வாசிதான் ஊற்றுவார். குடித்தால் மறுபடி கால்வாசி, பேச்சு, மறுபடி கால்வாசி. விருந்தாளி எழுந்து போய்விடக் கூடாது என்பதற்காகவே அப்படி ஊற்றுவது அங்கே மரியாதை.

அவர்கள் நுழைந்தபோது குச்கார் முற்றத்தில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். தாடியெல்லாம் ரொட்டித் தூள்.

"அடடே, ஹம்தம்! வா, வா. என்ன திடீர்னு?"

"எங்க வீட்டுச் சுவத்துல மாட்டியிருந்த ரொட்டி உங்க மாட்டு வயித்துல இருக்கான்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தோம் அண்ணே. மாட்டைக் கொஞ்சம் வாயைத் திறக்கச் சொல்லுங்க."

குச்காரின் முகம் சிவந்தது. "கடிச்சு மாட்டின ரொட்டியையா? அதைத் தொட என் கை என்ன மாட்டுக் குளம்பா? மூட்டையைக் கொட்டு! ஒவ்வொன்னாப் பாரு!"

கொட்டினார்கள். எல்லாம் வாசலில் தொங்கிய சாதாரண ரொட்டிகள். கடித்தது எதுவும் இல்லை. குச்கார் கேத்தலை எடுத்து, இரண்டு கோப்பைகளில் விளிம்பு தளும்ப ஊற்றி நீட்டினார். ஹம்தம் வாங்கி அப்படியே வாயில் சாய்த்தார். கொதிக்கிற தேநீர். நாக்கு வெந்திருக்க வேண்டும். அது யாருடைய நாக்கோ போல இருந்தது.

"சரி, அண்ணன் கிட்ட இல்ல" என்று எழுந்தார். "வா பர்னோ. வழக்கு முடிஞ்சது, எலிதான் குற்றவாளி."

"எனக்கு இன்னும் கொஞ்சம் டீ வேணும்" என்றாள் பர்னோ.

குச்கார் மறுபடி தளும்பத் தளும்ப ஊற்றினார். அவசரத்தில் கொஞ்சம் தரையில் சிந்தியது. பர்னோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, மாட்டுத் தொழுவத்தின் வாசலுக்கு முன்னால் போய் நின்றாள். தொழுவத்துக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருட்டு.

"மாமா, பெரியப்பா நமக்கு டீ ஊத்தினதைப் பார்த்தீங்களா? ரெண்டு தடவையும் கோப்பை நிறைய."

"தாராளக் கை."

"கோப்பை நிறைய ஊத்தினா என்ன அர்த்தம்?"

ஹம்தம் தன் கோப்பையைப் பார்த்தார். மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி அது. குடி, கிளம்பு என்று அர்த்தம். அது தன் கண்ணில் படவே இல்லையே என்று நினைத்துக்கொண்டார். வியப்பாகக்கூட இல்லை.

"குவாவிலேயே விருந்தாளியை விடாத மனுஷன், நம்மளை ஏன் துரத்தறார்? உள்ள வேற விருந்தாளி இருக்கு."

"ஏய் வாயாடி!" என்றார் குச்கார். ஆனால் கண் தொழுவத்துப் பக்கமே போனது.

"நாம திருடனைத் தேடி வந்தது தப்பு மாமா. அலமாரியில பத்து நல்ல கோப்பை இருக்க, உடைஞ்ச கோப்பையைத் தேடி எடுத்து எவன் குடிப்பான்? அது யாரோட கோப்பையோ அவன்தான் குடிப்பான். ரொட்டி இறுகிப்போயிருந்துச்சு. ரெண்டு கை இருந்தா முட்டி மேல வச்சு உடைச்சிடலாம். இவன் உடைக்கலை. கத்தியையும் எடுக்கலை, ரொட்டியில கத்தி வைக்கக் கூடாதுன்னு சொல்லி வளர்த்த வீடு. துணியில சுத்தி, உலக்கையால இடிச்சிருக்கான். உலக்கை அடியில ரொட்டித் தூள். ஏன் இடிச்சான்? கதவை ஏன் மூடலை? ரெண்டுக்கும் ஒரே பதில்தான். அவனுக்கு..."

"போதும்" என்றார் ஹம்தம்.

இந்த இரண்டு வருஷத்தில், வேடிக்கை கலக்காமல் அவர் சொன்ன முதல் சொல் அதுதான்.

"பர்னோ, போதும். அவன் இல்லை. உங்க அத்தைதான் ஆணியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா. நீயும் ஆரம்பிக்காதே. வண்டியில ஏறு."

பர்னோ அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். வெளியே வந்தது கற்கண்டு இல்லை. உள்ளங்கையளவு ஒரு ரொட்டித் துண்டு. இரண்டு வருஷத்துக் கறுப்பு. அதன் ஓரத்தில் பல் பதிந்த வளைவு.

"துணி மடிப்புல இருந்துச்சு. கடைசித் துண்டு. இது இனிமே யாருக்கு வேணும்?" என்று சத்தமாகச் சொன்னாள்.

சொல்லிவிட்டு, தொழுவத்து வாசலில், சாணியும் சகதியும் கலந்து கிடந்த இடத்துக்கு மேலே கையை நீட்டி, விரல்களைத் திறந்தாள்.

குவா ஊரில் விழுகிற குழந்தையைப் பிடிக்கச் சிலர் யோசிக்கலாம். விழுகிற ரொட்டியைப் பிடிக்க யாரும் யோசிப்பதில்லை. உடம்பே பாய்ந்துவிடும். ஹம்தம் பாய்ந்தார். குச்கார் தன் எழுபது வயதையும் தொப்பையையும் விட்டுவிட்டு, ஆற்றில் மீனைக் கண்ட நாரை மாதிரி பாய்ந்தார். இரண்டு தலைகளும் மோதின. அந்தச் சத்தம் பக்கத்து ஊர் வரை கேட்டது என்று இன்றும் சொல்கிறார்கள். ஹம்தத்தின் முட்டி கல்லில் உரசியது.

ரொட்டி சகதியைத் தொடவில்லை. அதைப் பிடித்திருந்த கைகளை ஹம்தம் பார்த்தார்.

ஒன்று, அவருடைய வலது கை. இன்னொன்று, குச்காரின் வலது கை. இரண்டுக்கும் கீழே, ரொட்டியைத் தாங்கியபடி மூன்றாவதாக ஒரு கை. இருட்டிலிருந்து நீண்டிருந்தது. இடது கை.

கட்டைவிரலில் பழைய தழும்பு. ஏழு வயதில், வேனின் கதவில் நசுங்கியபோது வந்த தழும்பு. அந்தக் கதவைச் சாத்தியது ஹம்தம்தான்.

கையைத் தொடர்ந்து ஒரு தோள் வந்தது. பிறகு தாடி. வைக்கோல் ஒட்டிய தலை. வலப்பக்கத்துச் சட்டைக்கை மணிக்கட்டுக்கு மேலே முடிச்சுப் போட்டிருந்தது.

"அப்பா" என்றான் எல்யார்.

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். ஹம்தத்தின் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"கதவைத் திறந்துபோட்டுப் போனது நீதானா?"

"மூட முடியலைப்பா."

குச்கார் சகதியில் உட்கார்ந்தபடியே நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஒரு வாரமா மாட்டோடதான் படுத்திருக்கான். மரம் அறுக்கிற மெஷின்ல கை போயிடுச்சாம். போன்ல எப்படிச் சொல்றதுன்னு தள்ளிப் போட்டிருக்கான், தள்ளிப் போட்டிருக்கான், அப்புறம் பேசறதே கஷ்டமாப் போச்சாம். அம்மா முகத்தைப் பார்க்கமாட்டேன், ரொட்டியை மட்டும் தின்னுட்டு மறுபடி கிளம்பிடறேன்னு என் தாடியைப் பிடிச்சுக்கிட்டு அழறான். நான் என்ன பண்ணுவேன் ஹம்தம்?"

"முழுசையும் தின்னுட்டியா?" என்று கேட்டாள் பர்னோ.

எல்யார் கையிலிருந்த துண்டைப் பார்த்தான். "இதையும் தின்னா, வந்துட்டதா ஆயிடும்ல. அதான் வச்சுட்டுப் போனேன்."

பர்னோ அந்தத் துண்டைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். "தப்புதான், மன்னிச்சிடு" என்றாள், அவனிடம் இல்லை, ரொட்டியிடம்.

எல்யாரை வேனில் ஏற்றினார்கள். குச்காரும் ஏறிக்கொண்டார், உடைந்த தலையோடும் ஒரு கேத்தல் தேநீரோடும்.

மஸ்தூரா அதே இடத்தில் இருந்தாள். அதே தாம்பாளம். காலடிச் சத்தம் கேட்டும் நிமிரவில்லை. "கிடைக்கலைன்னா விடுங்க" என்றாள்.

"அம்மா."

அவள் விரல்கள் அரிசியில் நின்றன. நிமிர்ந்தாள். முகத்தைப் பார்த்தாள். முடிச்சுப் போட்ட கையைப் பார்த்தாள். மறுபடி முகத்துக்கு வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. எழுந்து போய், அந்த உடைந்த கோப்பையை எடுத்துவந்து, அடியில் கால்வாசி தேநீர் ஊற்றி, அவன் முன்னால் வைத்தாள்.

எல்யார் அந்தக் கோப்பையை, அதன் அடியில் கிடந்த கொஞ்சம் தேநீரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு பையிலிருந்து துண்டை எடுத்தான். மஸ்தூரா அதை வாங்கி, தேநீரில் தோய்த்து, ஊறும் வரை பிடித்திருந்து, அவன் வாயில் வைத்தாள். அவன் மென்றான். அவள் மறுபடி கால்வாசி ஊற்றினாள்.

ஹம்தம் வாசலில் நின்றார். முட்டியில் ரத்தம் கசிந்து காற்சட்டை ஒட்டியிருந்தது. அது எரிந்தது. நாக்கும் எரிந்தது. நன்றாகவே எரிந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ரொட்டி ஆளைக் கூட்டிட்டு வராதுன்னு சொன்னீங்க" என்றாள் மஸ்தூரா, திரும்பாமலே.

அவர் காலி ஆணியைப் பார்த்தார்.

அதற்குள் திறந்த கதவு வழியாகத் தெருவே எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள், தையற்காரன், பாலுக்கு வந்தவன், யாரென்றே தெரியாத ஒரு கழுதை. குச்கார் கதையை ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்ன கதையில், மோதிய தலைகள் ஏற்கெனவே நாலாகியிருந்தன.

"எல்லாம் சரி" என்றான் தையற்காரன். "கற்கண்டு கரையறதுக்குள்ளேன்னு மட்டும் சொல்லாதீங்க. அது பெரிய புளுகு."

பர்னோ வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள். நாக்கு நுனியில் ஒரு பருப்பளவு, கண்ணாடி போல மின்னிக்கொண்டிருந்தது கற்கண்டு.

"வேற துண்டு! நடுவுல மாத்தியிருப்பா!" என்று கத்தினான் அவன். "ஹம்தம் அண்ணே, நீங்களே சொல்லுங்க. நீங்கதானே எப்பவும் சொல்வீங்க?"

கூட்டம் முழுவதும் ஹம்தத்தைப் பார்த்தது. கழுதையும் பார்த்தது.

ஹம்தம் முட்டியைத் தடவினார். வேடிக்கையாக எதுவும் வரவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைப் புறங்கையால் துடைத்தார்.

"மாத்தலை" என்றார். "பாக்கெட்ல இருந்தது ரொட்டி. நான் கூடவே இருந்தேன், பார்த்தேன். அப்படியேதான் நடந்தது."